கிளைவின் மழைக்கோட்டு

ஸ்னோயி மலைச்சரிவில் வெயில் ஏறியும் வேலிக்கட்டைகளில் உறைபனி உருகவில்லை. குதிரை பழக்கும் வட்டப் பட்டியின் நடுவே மெர்ல் குதிரைக்கு முதுகைக் காட்டி நிற்கிறாள். காட்டுக்குதிரையை முகத்துக்கு நேரே பார்த்தால் கிட்ட வராது. செத்துப்போன புருஷன் கிளைவின் மழைக்கோட்டு அவள் முழங்காலுக்குக் கீழே தொங்குகிறது. அவன் பாதி பழக்கிவிட்டுப் போன குதிரையை மீதி இவள் பழக்கினாள், அந்தக் கோட்டைக் கழற்றாமலே. அதுதான் தப்பு. பக்கத்துப் பண்ணைக்காரன் நான் சொன்னால் கேட்டாளா? அதை விலைக்கு வாங்க வந்த ரோவன் கையை நீட்டியதும் குதிரை மூலைக்கு ஓடி, வேலியில் மோதி நடுங்குகிறது. இன்று இவன் கொண்டுபோகாவிட்டால் அதற்குக் கசாப்புக்கூடம்தான்.

"என்ன மெர்ல், சாதுன்னு சொன்னே? பேயைக் கண்ட மாதிரி ஓடுது!" என்கிறான் ரோவன்.

"உன் மூஞ்சியைப் பார்த்தா நானே ஓடுவேன்" என்கிறாள். யாரும் சிரிக்கவில்லை. அவள் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றுகிறாள். "இதைப் போட்டுக்க. திரும்பி நில்லு."

ரோவன் கோட்டோடு திரும்பி நிற்கிறான். குதிரை மூச்சை இழுக்கிறது, மெல்ல வருகிறது, கோட்டுப் பைக்குள் மூக்கை நுழைக்கிறது. பிறகு கோட்டின் பின்னாலேயே வண்டியிலும் ஏறிவிடுகிறது.

வண்டிக் கதவைச் சாத்திவிட்டு ரோவன் கோட்டைக் கழற்றப் போகிறான்.

"வேணாம், போட்டுக்கிட்டே போ. அங்க எறக்கணுமில்ல."

வண்டிச் சத்தம் பள்ளத்தில் இறங்கி அடங்குகிறது. மெல்லிய கம்பளிச் சட்டையோடு, காலிப் பட்டியின் நடுவே, மெர்ல் இன்னும் பட்டி வாசலுக்கு முதுகைக் காட்டியபடியே நிற்கிறாள்.