தொட்டில் கூப்பிட்ட பெயர்

வீட்டில் எங்கே அழுதாலும் குழந்தையின் அழுகையைப் பேச்சாக்கும் தொட்டில் அது. குழந்தை யாரைத் தேடுகிறதோ, அந்த ஆளையும் சேர்த்துக் கூப்பிடும். இந்த வீட்டில் அது கூப்பிட்டதெல்லாம் ஒருத்தியைத்தான்.

“பசிக்குது, உம்மா.” “நனஞ்சிட்டன், உம்மா.”

ருஷ்னா சோற்றுக் கையோடு ஓடுவாள்.

நாற்பதாம் நாள், பெண் குழந்தைகளுக்குக் கத்னா எனும் சுன்னத்துச் செய்யும் ஒஸ்தா மாமி வந்தார். ருஷ்னா பிள்ளையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டாள்.

“சின்னக் கீறல்தான். நமக்கும் செஞ்சதுதானே?” என்றாள் மதினி, கணவனின் அக்கா. “பச்சப் புள்ளைக்கு என்ன விளங்கப்போகுது? நீயே காலப் பிடி. உன்ட கையெண்டா பயப்படாது.”

ருஷ்னா பிடித்தாள்.

கூடத்துத் தொட்டில் வீடே அதிரக் கத்தியது. “உம்மா! விடுங்க, உம்மா!” மதினி எழுந்துபோய் அதை நிறுத்திவிட்டு வந்தாள்.

வந்தவர்கள் சாப்பிட்டுப் போனபின், ருஷ்னா குழந்தையைக் கிடத்தித் தொட்டிலை மறுபடி முடுக்கினாள். சற்று நேரத்தில் துணி நனைந்தது. குழந்தை வீரிட்டது.

“எரியுது,” என்றது தொட்டில்.

அவள் குனிந்தாள். “உம்மா இஞ்சதான் இருக்கன், மகள். ஒருக்காக் கூப்பிடுங்க.”

“எரியுது,” என்றது தொட்டில். “எரியுது.”

அது யாரையும் கூப்பிடவில்லை.