முதல் பக்கம்

"இது உங்க கையெழுத்துதானேம்மா?"

மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரி தள்ளிவைத்த தாளைத் தையல்காரி குனிந்து பார்த்தாள். அவளுடையதேதான். நீல மை, மேலே பக்க எண் 1, அடியில் கையொப்பம்.

தூக்கத்துக்கென்று விற்கும் அந்த வேர் மாத்திரை ஈரலைக் கெடுக்கிறதா என்று விசாரணை. கடைகளிலிருந்து எடுப்பதா வேண்டாமா என்பது இன்று முடிவாகிவிடும். கெடுதலே இல்லை என்று கம்பெனி காட்டிய ஆதாரம், அவள் அவர்களுக்கு எழுதிய இந்தக் கடிதம்.

பக்கத்து நாற்காலியில் தம்பி. அந்தக் கம்பெனியின் விற்பனையாளன். மாத்திரையைக் கொடுத்தவனும் அவன்தான், கடிதத்தை நேரில் சேர்க்கிறேன் என்று வாங்கிப் போனவனும் அவன்தான்.

"ஆமான்னு சொல்லுக்கா. அவ்ளோதான், கெளம்பிடலாம்."

முதல் பக்கம் முழுக்க நன்றிதான். பொய்யில்லை. இரண்டு வருஷமாகத் தூக்கமில்லாமல் கிடந்தவள், மாத்திரை போட்டதும் அடித்துப்போட்டாற்போலத் தூங்கியிருந்தாள்.

இரண்டாம் பக்கம் 'ஆனால்' என்று தொடங்கியது. அளவு கொடுக்க வந்தவள் இவள் கண் மஞ்சளாக இருப்பதைச் சொன்னது, பதினெட்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தது, இனி யாருக்கும் இதை விற்காதீர்கள் என்று கேட்டுக்கொண்டது.

அந்தப் பக்கம் கோப்பில் இல்லை.

கம்பெனியில் எவனோ உருவியிருப்பான். தம்பிக்கு என்ன தெரியும், பாவம்.

பக்கத்துக்குப் பக்கம் கையொப்பம் போடுவது அவளுடைய பள்ளிக்கூடப் பழக்கம். அதனால்தான் ஒற்றைத் தாள் முழுக் கடிதமாக நடமாடுகிறது.

இன்னொரு பழக்கமும் உண்டு. அடுத்த பக்கத்தின் முதல் சொல்லைத் தாளின் பின்புறம், கீழ் மூலையில், எறும்பு எழுத்தில் எழுதிவைப்பாள். தாள் தொலைந்தால் தெரியட்டும் என்று வாத்தியார் சொல்லிக்கொடுத்தது. தெரியாதவர்கள் திருப்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

தாளைத் திருப்பினாள்.

மூலையைத் தடவினாள். கண்ணை மூடிக்கொண்டே துணியில் ஒட்டுப்போட்ட இடத்தைக் கண்டுபிடிக்கிற விரல். அந்தச் சொல் இருந்த இடத்தில் நகக்கண் அளவுக்கு வெள்ளைப் பூச்சு, கச்சிதமாக.

அந்த வாத்தியாரிடம் படித்தவர்கள் இந்த அறையில் இரண்டே பேர்.

"ஆமாங்க. என் கையெழுத்துதான்."

தம்பி நிம்மதியாக மூச்சுவிட்டு, அவளுடைய பையை எடுத்துக்கொண்டு எழுந்தான்.

அவள் எழவில்லை.

"ஆனால்," என்றாள்.