பாடகியின் மூச்சு

ஒரு வீட்டின் கூடத்தில் ஆளுயர ஸ்பீக்கர் ஒன்று இருந்தது. இணையத்தில் வரும் பாட்டெல்லாம் தன் சொந்தக் குரல் என்றே அது நம்பியது. "எனக்கு ஈடாகப் பாட யார் இருக்கிறார்கள்?" என்று அலமாரி மேலிருந்த வைஃபை பெட்டியிடம் தினமும் கேட்கும்.

வைஃபை பெட்டிக்குப் பதில் சொல்ல நேரமில்லை. டிவியும் போன்களும் வாசல் கேமராவும் ஒரே நேரத்தில் அதைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தன. அதனால் பாட்டு அடிக்கடி திக்கியது.

"இந்த ஸ்பீக்கர் சரியில்லை. கடையிலேயே திருப்பிக் கொடுத்துடலாம்" என்றாள் வீட்டுக்காரி செண்பகவல்லி.

கொடுப்பதற்கு முன் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று, வைஃபை பெட்டியிலிருந்து ஸ்பீக்கர் வரை ஒரு மெல்லிய கேபிளை இழுத்து மாட்டினாள்.

"நீ என்ன செய்வாய்?" என்று கேட்டது ஸ்பீக்கர்.

"கொடுத்ததை அப்படியே கொண்டுவருவேன். வழியில் யாரோடும் பேச மாட்டேன்" என்றது கேபிள்.

பாட்டு தொடங்கியது. முதல் வரிக்கு முன் பாடகி மூச்சை இழுப்பது கேட்டது. அவளுக்குப் பின்னால் தம்புரா குளத்துநீர் மாதிரி விரிந்து நின்றது. எங்கோ கச்சேரி அரங்கின் கடைசி வரிசையில் ஒருவர் தன்னை மறந்து "ஆஹா" என்றார்.

"இவர்களெல்லாம் யார்?" ஸ்பீக்கர் திகைத்தது.

"எப்போதும் இருந்தவர்கள்தான்" என்றது கேபிள்.

"நான் பாடுவதாக அல்லவா நினைத்திருந்தேன்!"

செண்பகவல்லி கையில் காபியோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அடுத்த பாட்டு வந்தபோது ஸ்பீக்கரும் அவளோடு சேர்ந்து கேட்டது.