சுங்கச்சாலை ஓரத்துக் கன்றுகள்

சுங்கச்சாவடியைத் தாண்டி, வெயிலில் கண்ணைக் கூசவைக்கும் தடுப்புக் கம்பியோரம் நாற்பது கன்றுகள் வரிசையாக நிற்கின்றன. லாரி கடக்கும்போதெல்லாம் இலைகள் புகையில் படபடக்கின்றன. சாலைக்காக வெட்டிய மரங்களுக்கு ஈடாக நட்டவை எல்லாம் எப்போதோ பட்டுப்போய்விட்டன. மாலையில் அதிகாரி பார்வையிட வருகிறார் என்பதால், மேற்பார்வையாளன் காலையிலேயே பச்சைக் கிளைகளை ஒடித்து அந்தக் குழிகளில் செருகி வைத்திருக்கிறான். தண்ணீர் ஊற்றும் அக்காவுக்கு அது தெரியாது. குடத்தோடு வருகிறவளின் முகமெல்லாம் சிரிப்பு. "பரவாயில்லையே சார், சொன்ன மாதிரி புதுசு வச்சிட்டீங்களே! ஆறு மாசமா செத்த குச்சிக்குத் தண்ணி ஊத்தி ஊத்தி எனக்கே வெறுத்துப்போச்சு." துவண்ட இலையொன்றை விரலால் நிமிர்த்திப் பார்க்கிறாள். "கல்யாணப் பொண்ணு மாதிரி தலையைக் குனிஞ்சுக்கிட்டு நிக்குது பாருங்க." அவன் சிரிக்கப் பார்க்கிறான், உதடு பிரியவில்லை. அவள் குடத்தைச் சரித்து, குழந்தைக்குத் தலைக்கு ஊற்றுவதுபோல மெதுவாக ஊற்றுகிறாள். மண் இளகுகிறது. கிளை ஒரு பக்கமாகச் சாயத் தொடங்குகிறது. அவன் சட்டென்று மண்டியிட்டு அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்கிறான். "விடுங்க சார், அதுவே நிக்கும்" என்கிறாள் அக்கா. அவன் கையை எடுக்கவில்லை.