டீச்சரின் ஏணி

"டீச்சர், மடியில வெச்சிருக்கிறது பாம்பா, ஏணியா?"

நீள பெஞ்சின் அந்தக் கோடியிலிருந்து நவநீதன் கேட்டான். நெடுங்காட்டில் நெல் சாகுபடி செய்கிறவன். தேய்த்த வெள்ளைச் சட்டையில் வந்திருந்தான். அவளிடம் பேச்சுக் கொடுக்க அவனுக்கு ஏதாவது ஒரு சாக்கு வேண்டியிருந்தது.

"ஏணிதான். முறுக்கிக்கிட்ட ஏணி. டி.என்.ஏ. மதியம் வகுப்புல காட்டணும்" என்றாள் தேவிகா, நிமிராமலே. காரைக்காலில் ஒரு பள்ளியில் உயிரியல் ஆசிரியை அவள்.

"முறுக்கிக்கிறதுல டீச்சரை மிஞ்சிடுமா அது?"

அவள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். இருவருக்கும் நடுவில், ஏதோ வேலித் தகராறு விஷயமாக வந்து காத்திருந்த காசியம்மா அடக்கவில்லை. சிரித்துக்கொண்டே ஓரமாக நகர்ந்து அவனுக்கு இடம் விட்டாள்.

நவநீதன் கிட்ட வந்து ஏணியின் ஒரு படியைத் தொட்டான். அது நடுவில் இரண்டாகக் கழன்றது.

"ஐயையோ, உடைச்சிட்டேனா?"

"உடையலை, பிரிஞ்சிருக்கு. ஒவ்வொரு படியும் ரெண்டு பாதி. நடுவுல குட்டிக் காந்தம் வெச்சிருக்கேன். நிஜத்துல அந்த இடத்துல இருக்கிறது ஹைட்ரஜன் பிணைப்பு."

"இந்தச் சிவப்பை அந்த நீலத்தோட சேர்த்துப் பாக்கவா?"

"பொருந்தாது. சிவப்பு அடினைன். அதுக்குத் தைமின்தான் ஜோடி, ரெண்டு பிணைப்பு. குவானைனுக்கு சைட்டோசின், மூணு பிணைப்பு. ஆளை மாத்தினா சரியா உட்காராது."

"அட, அதுவும் ஜாதகம் பாக்குதா?" என்றாள் காசியம்மா.

நவநீதன் விடவில்லை. "தொட்டாலே கழண்டுக்குதே. நல்லா இறுக்கமா ஒட்டியிருக்கக் கூடாதா?"

"ஒண்ணொண்ணா பார்த்தா பலம் கம்மிதான். கோடிக்கணக்குல சேர்றப்போ தாங்கும்."

"வைக்கோல் புரி மாதிரி."

"அதேதான். ஒரேயடியா இறுகிப் போனாலும் ஆபத்து. செல் அதைத் திறந்து படிச்சாகணும். திறக்கவே முடியலைன்னா எப்படிப் படிக்கிறது?"

"டீச்சர் சொன்னா மறுத்துப் பேச முடியுமா?"

"பேசலாம், கேள்வி கேக்கலாம். கத்தத்தான் கூடாது."

நவநீதன் தலையைக் குனிந்துகொண்டான். "இப்பல்லாம் கத்துறதில்லைங்க."

கழன்ற பாதியை விரலில் உருட்டியபடி அவனே மறுபடி தொடங்கினான். "இது மொத்தமா எப்பப் பிரியும்?"

"கொதிக்கிற அளவுக்குச் சூடாக்கினா. ரெண்டு இழையும் தனித்தனியா போயிடும்."

"போனா போனதுதானா?" குரல் இறங்கியிருந்தது.

தேவிகா முதல்முறையாக அவன் முகத்தைப் பார்த்தாள். இளைத்திருந்தான். சட்டைக் காலரில் ஒரு மடிப்பு சரியாகத் தேய்க்கப்படாமல் நின்றது.

"ஆற விட்டா ஜோடி தேடி வந்து சேர்ந்துக்கும். மெதுவா ஆறணும். படக்குன்னு குளிர வெச்சா தாறுமாறா ஒட்டிக்கும்."

"மெதுவான்னா, ரொம்ப நாளா?"

"டி.என்.ஏ.வுக்குக் கொஞ்ச நேரம் போதும். மனுஷங்கதான் லேட்டு."

காசியம்மா பொறுமை இழந்தாள். "தம்பி, எனக்கு நீங்க பேசுறதுல பாதி புரியலை. ஆனா ரெண்டு பேரு மூஞ்சியும் புரியுது. இப்படி ஏணியைப் புடிச்சுக்கிட்டே எத்தனை நாள் பேசுவீங்க? பெரியவங்களை அனுப்பி முறையா பொண்ணு கேளுங்க. நல்ல பொண்ணா தெரியுது, விட்டுடாதீங்க."

நவநீதன் மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்தான். தேவிகாவின் முகம் காது மடல் வரை சிவந்துவிட்டது. ஏணியை அவசரமாகப் பைக்குள் திணித்தாள்.

அந்த நேரம் அறைக் கதவு திறந்து, "நவநீதன், தேவிகா!" என்று ஒரு குரல் கூப்பிட்டது. இருவரும் எழுந்து உள்ளே போனார்கள்.

மேஜைக்குப் பின்னால் இருந்த நீதிபதி நிமிர்ந்தார். "சட்டப்படி கொடுத்த ஆறு மாச அவகாசம் முடிஞ்சிடுச்சு. விவாகரத்து வேணும்னு ரெண்டு பேரும் இன்னும் உறுதியா இருக்கீங்களா?"

நவநீதன் வாயைத் திறப்பதற்குள் அவன் மனைவி முந்திக்கொண்டாள்: "வேண்டாங்க ஐயா, நாங்க வீட்டுக்குப் போறோம்."