எறும்புப் பாடம்

"இதை வாங்கினா ஞாயிற்றுக்கிழமை தமிழ் கிளாஸை விட்டுடணும். அவ்வளவுதான்" என்றார் தடுப்பதற்காகவே கூட வந்திருந்த திருமூர்த்தி, துப்பாக்கிக் கடை வாசலிலேயே.

பத்மநாபன் கதவைப் பிடித்தபடி நின்றான். "சார், டிரெய்னிங் கோர்ஸுக்குத்தான். அட்டையில வரைஞ்ச வட்டத்தைச் சுடுவோம். வேற ஒண்ணுமில்லை."

"இன்னிக்கு அட்டை. எல்லா உயிரையும் நேசின்னு சொல்லிக் குடுக்கற கை, துப்பாக்கியைப் பிடிக்கலாமா?"

ரிச்சர்ட்சன் நகரத் தமிழ் வகுப்புக்குத் திருமூர்த்திதான் தலைவர். பாடங்களை எழுதியவரும் அவரே. அதில் மூன்றாம் பாடம் எறும்பு; அதை மட்டும் அவரே நடத்துவார். 'சின்ன எறும்புக்கும் உயிர் உண்டு, அதை மிதிக்காதே' என்று தொடங்கும். எழுதியது போலவே நடப்பவர். காருக்குள் எறும்பு ஊர்ந்தால் ஃப்ரீவேயை விட்டு இறங்கி, அதைக் காகிதத்தில் ஏற்றிப் புல்லில் விட்ட பிறகுதான் வண்டியை எடுப்பார்.

அங்கே பாடம் நடத்தும் பத்மநாபனுக்கு அந்த வகுப்புதான் எல்லாம். வீட்டில் இங்கிலீஷிலேயே பதில் சொல்லும் பிள்ளைகள், அவனிடம் மட்டும் தமிழில் சண்டை போடுவார்கள்.

"உள்ளே வந்து பார்த்துட்டு முடிவு பண்ணுங்க சார்" என்றாள் அவன் மனைவி நாகலக்ஷ்மி. "ரைஸ் குக்கர் வாங்கவே நாலு மாசம் ஆராய்ச்சி பண்ணினவர் இவர். இதுக்காக டயல்-அப் இன்டர்நெட்ல உட்கார்ந்து வீட்டு போனை எப்பவும் எங்கேஜாவே வெச்சிருக்கார். கடைசியில வாங்காமலே திரும்பினாலும் திரும்புவார்."

ஆராய்ச்சிக்குக் காரணம் இருந்தது. போன கோர்ஸுக்கு ஒரு நண்பரின் கார்பைன் துப்பாக்கியை இரவல் வாங்கிப் போயிருந்தான். பளபளப்பும் தொங்கல்களுமாகப் பார்க்க அமர்க்களமாக இருந்தது. ஆனால் குண்டு சிக்கிக்கொண்டே இருந்தது. குறி பார்ப்பதற்காக மேலே மாட்டியிருந்த சைட்டில் தெரிய வேண்டிய சிவப்புப் புள்ளி, மத்தியானத்துக்குள் மறைந்து போயிற்று. பயிற்சிக்கு வந்த மற்ற எல்லோரும் வரிசையில் நின்று அவனுக்காகக் காத்திருந்தார்கள். "அடுத்த தடவை வேலை செய்கிற துப்பாக்கியோடு வா. இல்லையென்றால் வராதே" என்று சொல்லிவிட்டார் பயிற்சியாளர்.

கார்பைன் சீக்கிரமே முடிவாகிவிட்டது. கடைக்காரர் டேல், அலங்காரம் எதுவும் இல்லாத ஒன்றை எடுத்து வைத்தார். நாள் முழுக்கச் சுட்டாலும் சிக்காது, கோர்ஸுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் வைத்திருப்பது இதுதான், ஏதாவது உடைந்தால் பக்கத்து ஆளிடமே உதிரி கிடைக்கும் என்றார்.

"நம்ம கேம்ரி கார் மாதிரி" என்றாள் நாகலக்ஷ்மி.

சைட்டில்தான் பத்மநாபன் மாட்டிக்கொண்டான். ஒன்று பெரியது, புள்ளியை ஏழு நிறங்களில் காட்டும். இன்னொன்று மங்கிய கறுப்பில் ஒரு சின்னக் குழாய். இரண்டையும் கையில் மாற்றி மாற்றிப் பிடித்துப் பார்த்தான்.

திருமூர்த்தி கவுண்டருக்கு முதுகைக் காட்டி நின்றார். சுவரில் மாட்டியிருந்த மான் தலை அவரையே பார்த்தது. கொஞ்சம் நகர்ந்து நின்றார். அப்போதும் பார்த்தது.

"சார், நீங்க கேமராக்காரர். இதுல எது தேவலைன்னு..."

"இதையெல்லாம் நான் கையாலயும் தொடமாட்டேன்."

அவர் ஆபீஸில் கேமரா செய்கிறார் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். வகுப்புப் பிக்னிக்கில் அவர் எடுத்த படங்களில் மட்டும் யாருக்கும் தலை இருந்ததில்லை.

"சரி, பெரிசையே எடுத்துக்கறேன். ஏழு கலர் வருதே" என்றான் பத்மநாபன்.

திருமூர்த்தி சட்டென்று திரும்பினார். "ஏழு கலரா? இங்கே குடுங்க."

வாங்கினார். கண்ணாடியில் வாயால் ஊதிவிட்டு விளக்கைப் பார்த்துச் சாய்த்தார். ஒரு கண்ணை மூடித் தலையை இப்படியும் அப்படியும் அசைத்தார். திருகை நகத்தால் நெருடினார்.

"குப்பை. தலையை அசைச்சா புள்ளியும் கூடவே ஓடுது. மூடிக்குள்ள ரப்பர் வளையம் இல்லை, வெயில்ல வெச்சிட்டு ஏசி காருக்குள்ள கொண்டுவந்தா உள்ளே ஆவி படிஞ்சிடும். திருகு லூஸ், நாலு அதிர்வுல குறி தப்பிடும். அந்தக் குழாயை எடுங்க. அதுதான் ஒழுங்கா செஞ்ச சாமான்."

அவர் சோதித்த விதத்தைப் பார்த்து டேல் தொப்பியைப் பின்னால் தள்ளிக்கொண்டு, இவர் எங்கே துப்பாக்கிப் பயிற்சி கொடுக்கிறார் என்று கேட்டார்.

"கேமராவுக்குமா சார் இவ்வளவு பார்ப்பீங்க?" என்றாள் நாகலக்ஷ்மி.

"பின்னே? லேப்ல இதைவிட மோசமாப் போட்டு உலுக்குவோம்மா. பறக்கும்போது அப்படி அதிரும்."

"கேமரா பறக்குமா?"

"எங்களோடது பறக்கும்."

"எத்தனை வருஷம் உழைக்கும் சார்? இவருக்கு ஒரு பத்து வருஷமாவது வரணும்."

"அது வேற கணக்கு" என்றார் திருமூர்த்தி, குழாயின் கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்தபடி. "எங்களோடது ஒரே ஒரு தடவைதான் பறக்கும்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? மிஸைல் போய் மோதற வரைக்கும் எதிர்ல இருக்கறது தெளிவாத் தெரிஞ்சா போதும்."

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது.

மான் மட்டும் பார்த்துக்கொண்டே இருந்தது.

"அப்போ, சார்..." பத்மநாபன் மெதுவாக இழுத்தான். "ஞாயிற்றுக்கிழமை கிளாஸ்?"

திருமூர்த்தி சைட்டைக் கவுண்டர்மேல் ஓசைப்படாமல் வைத்தார்.

"வந்துடுங்க" என்றார். "எறும்புப் பாடத்தை மட்டும் இனிமே நீங்களே எடுத்துடுங்க."