சொப்பர் வாங்க வந்தவர்கள்

அன்று எங்கள் முற்றத்தில் இருந்தவர்கள்: நான், என் மனைவி இராசேஸ்வரி, மகள் யதுர்ஷிகா, மனைவியின் தங்கை ராஜினி, வவுனியாவிலிருந்து வந்த கோகுலன், அவருடைய தாயார் கமலாசனி.

வேறு ஒருவரும் இருக்கவில்லை. தாங்களும் நின்று பார்த்ததாகச் சொல்பவர்களை நம்ப வேண்டாம்.

மாமரத்தின் கீழ் மோட்டார் சைக்கிள் நின்றது.

முன்சில்லை ஒரு முழம் முன்னுக்குத் தள்ளி, இருக்கையை முழங்கால் உயரத்துக்குத் தாழ்த்தி, கைபிடியை மாட்டுக் கொம்புபோல உயர்த்திக் கட்டிய வண்டி. பெடியள் அதைச் சொப்பர் என்பார்கள். எங்கள் உடையார்கட்டில் வேறு எவரிடமும் அப்படி ஒன்று இல்லை.

அதன் எஞ்சின் என் தகப்பனாருடையது. இங்கிலாந்தில் செய்தது. யாழ்ப்பாணத்திலிருந்து இந்தக் குடியேற்றக் காணிக்கு அவர் அந்த எஞ்சின் பூட்டிய வண்டியில்தான் வந்தார். சண்டையில் இடம்பெயர்ந்தபோது பொலித்தீனில் சுற்றித் தோட்டத்தில் புதைத்துவிட்டுப் போனோம். திரும்பி வந்து தோண்டி எடுத்தோம். மற்றதையெல்லாம் யதுர்ஷிகா தன் கராஜில் வெட்டியும் ஒட்டியும் தானே செய்தாள்.

வந்தவர்கள் வண்டி வாங்க வரவில்லை. பெண் பார்க்க வந்தார்கள்.

எங்கள் ஆட்களிடம் இது மரியாதையான வழி. பெண் பார்க்க என்று சொல்லி வந்து, வேண்டாமென்று போனால் அந்தக் கதை பிள்ளையின் பெயரோடு ஒட்டிக்கொள்ளும். அதனால் கோவிலுக்கு வருவதுபோல வருவார்கள், காணி பார்ப்பதுபோல வருவார்கள். பிடித்தால் பிறகு சொல்லி அனுப்புவார்கள். பிடிக்காவிட்டால் விலை கூட என்று சொல்லிவிட்டுப் போவார்கள். இரண்டு பக்கமும் தலை நிமிர்ந்து நடக்கலாம்.

இந்தமுறை ராஜினி மோட்டார் சைக்கிளைச் சாட்டாக வைத்தாள். நானும் எவரும் கொடுக்க முடியாத ஒரு விலையைச் சொல்லி வைத்திருந்தேன். மகளுக்கு முப்பது நடக்கிறது. அவளுடைய பெயர் ஊர் வாயில் அடிபட நான் விடமாட்டேன்.

அவளிடம் உண்மையைச் சொல்லவில்லை. வண்டியை விற்கப்போகிறேன் என்று மட்டும் சொன்னேன். அவள் காலையில் அதைக் கழுவித் துடைத்து வைத்தாள்.

கோகுலன் வங்கியில் வேலை செய்பவர். பணிவான பிள்ளை. வண்டியைச் சுற்றி வந்தார். கண் மட்டும் தேநீர்த் தட்டோடு வந்தவளின் மேல் இருந்தது. இதை யார் செய்தது என்று என்னைக் கேட்டார். மகள் என்றேன்.

கமலாசனி தேநீரை எடுத்தபடி சிரித்தார்.

“நல்ல கைவேலைதான். பிறகு உதுகளுக்கெல்லாம் நேரமிராது, என்ன பிள்ளை?”

அதைக் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எங்கள் வீட்டுப் பெரியவர்களும் அப்படித்தான் பேசுவார்கள்.

யதுர்ஷிகா தட்டைத் தாயிடம் கொடுத்துவிட்டு வண்டியின் பக்கத்தில் போய் நின்றாள். அதன் குறைகளை அவளே சொன்னாள். எண்ணெய் கசியும். ஒடுங்கிய ஒழுங்கைக்குள் திருப்ப முடியாது. மழைக்காலத்தில் கிளப்புவதென்றால் கெஞ்ச வேண்டும். பிறகு, அப்பா சொன்ன விலை பகிடிக்கு என்று சொல்லி, நியாயமான விலை ஒன்றைச் சொன்னாள்.

ராஜினியின் முகம் மாறியது. விலை கூட என்று இனி யாரும் சொல்ல முடியாது.

கோகுலனுக்கு அப்படிச் சொல்லும் எண்ணமும் இல்லை. எல்லாம் பிடித்திருக்கிறது, யோசித்துவிட்டு ராஜினி அன்ரியிடம் சொல்லி அனுப்புகிறோம் என்றார்.

“யோசிக்க என்ன கிடக்கு?” என்றாள் மகள். “நீங்கள் வந்தது இதை வாங்கத்தானே?”

முற்றத்தில் இருந்த ஒருவராலும் இல்லை என்று சொல்ல முடியவில்லை.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வண்டி விற்பனைக்கு இல்லை என்று நான் ஒரு சொல் சொன்னால் போதும், தகப்பனாரின் எஞ்சின் வீட்டில் இருக்கும். ஆனால் வந்த காரணம் வெளியே வந்துவிடும். பிறகு அவளிடம் நேரடியாகக் கேட்பார்கள். அவளும் நேரடியாகவே வேண்டாமென்று பதில் சொல்லுவாள், கமலாசனியின் முன்னால்.

நான் மகளைப் பார்த்தேன். அவளுடைய கை பெற்றோல் டாங்கியின் மேல் இருந்தது. முகத்தில் ஒன்றும் இல்லை. கைதான் அந்த இடத்தை விட்டு எழவில்லை.

உள்ளே போனேன். அலுமாரியிலிருந்து வண்டியின் பதிவுப் புத்தகத்தை எடுத்து வந்து கோகுலனின் கையில் கொடுத்தேன்.

அவர் கைப்பேசியிலேயே பணத்தை அனுப்பினார். வாங்க வந்தவர் வேறென்ன செய்வார்?

யதுர்ஷிகா அவருக்கு ஓடும் முறையைக் காட்டிக் கொடுத்தாள். இந்தப் பழைய எஞ்சினுக்குக் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். இப்போதைய வண்டிகளுக்கு நேர் மாறு. அவர் பிரேக் என்று நினைத்துக் கியரை மிதித்தார். அவள் சிரிக்காமல் திரும்பவும் முதலிலிருந்து சொன்னாள். கோகுலன் மாட்டுவண்டி வேகத்தில் முன்னால் போக, தெருவில் நின்ற வாடகை வான் தாயாரை ஏற்றிக்கொண்டு பின்னால் ஊர்ந்து போனது. வவுனியாவரை அப்படியே போனார்களாம்.

சத்தம் குளக்கட்டைத் தாண்டும்வரை மகள் வாசல் படலையில் நின்றாள். திரும்பி வந்து, மாமரத்தின் கீழ் கிடந்த எண்ணெய்ப் பொட்டைக் காலால் மண் தள்ளி மூடினாள்.

மறுநாள் ராஜினி வந்தாள். பெடியனுக்குச் சம்மதமாம். சீதனம் ஒன்றும் வேண்டாமாம். கமலாசனிக்கும் பிள்ளையைப் பிடித்துப் போயிற்றாம். இப்படி ஒரு சம்பந்தம் வாசல் தேடி வருமா என்று அவள் இராசேஸ்வரியைக் கேட்டாள், எனக்குக் கேட்கும்படி.

நான் கதிரையை விட்டு எழவில்லை.

“நாங்கள் விற்க வைச்சிருந்தது மோட்டார் சைக்கிள் மட்டும்தான் எண்டு சொல்லு.”

குசினிக்குள் மகள் கோப்பை கழுவிக்கொண்டிருந்த சத்தம் கொஞ்சம் நின்று, பிறகு தொடர்ந்தது.

மாப்பிள்ளை பெண்ணை வேண்டாமென்று சொல்லிவிட்டு, எங்கள் மனம் ஆறட்டும் என்று மோட்டார் சைக்கிளை வாங்கிக்கொண்டு போனதாக ஊரில் ஒரு கதை உலாவுகிறது.

அது பிழை. அவர் பெண்ணைக் கேட்டார். எங்கள் பிள்ளை கொடுத்தது வண்டியை.